தட்டை முகம்

1995 ஆகஸ்டில் ஜெர்ரி கார்சியா இறந்துபோனார். அமெரிக்காவின் கிரேட்ஃபுல் டெட் இசைக்குழுவைச் சேர்ந்தவர். ஹிப்பித் தலைமுறைக்குக் கிட்டத்தட்டக் குலதெய்வம். அவருக்காக ஃபோக்ஸ்வேகன் கம்பெனி ஓர் அஞ்சலி விளம்பரம் போட்டது. பழைய வேன் ஒன்றின் முன்பக்கம், அதன் வட்ட விளக்கிலிருந்து வழியும் ஒரு சொட்டுக் கண்ணீர், அவர் பெயர், பிறந்த ஆண்டு, இறந்த ஆண்டு. அவ்வளவுதான். அதில் விற்பதற்குச் சரக்கு எதுவும் இல்லை. அந்தப் பழைய தட்டைமுக வேனை அமெரிக்காவில் விற்பதை நிறுத்தியே பதினைந்து வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது.

வண்டிகளுக்கு முகம் உண்டென்று பிள்ளைகளுக்குத் தெரியும். அதைச் செய்து விற்றவர்களுக்கும் தெரிந்திருக்கிறது என்பது அந்த விளம்பரத்தில் வெளிப்பட்டது. முகம் இருந்தால் கண்ணீர் வரும். கண்ணீர் வந்தால், அந்த முகத்தைத் திரும்பப் பார்க்கக் காசு கொடுக்க ஆள் இருப்பார்கள் என்று யாராவது ஒருவருக்குத் தோன்றத்தான் செய்யும்.

தோன்றியது. 2001 ஜனவரியில் டெட்ராய்ட் கார் கண்காட்சியில் மைக்ரோபஸ் என்ற பெயரில் ஒரு மாதிரி வேனை ஃபோக்ஸ்வேகன் நிறுத்தி வைத்தது. கலிஃபோர்னியாவின் சிமி வேலியில் இருந்த அதன் வடிவமைப்புக் கூடத்தில் உருவானது. வட்டம் கொஞ்சம் நசுங்கிச் சதுரமாகியிருந்தாலும் பழைய முகம்தான் என்று பார்த்தவுடன் தெரிந்தது. கூட்டம் சொக்கிப்போனது. 2002-ல், ஜெர்மனியின் ஹானோவர் ஆலையில் இதைத் தயாரிப்போம் என்று அறிவித்தார்கள். 2004-ல், தயாரிக்கப் போவதில்லை என்றார்கள். செலவு கட்டுப்படியாகவில்லை என்பது காரணம்.

தொழில் வரலாற்றில் இது ஓர் அடிக்குறிப்பு. செய்யப்படாத வண்டி, யாரும் வாங்கவில்லை, யாரும் ஏமாறவில்லை. ஆனாலும் இந்தச் சின்ன முடிவு என்னை விடாமல் தொந்தரவு செய்கிறது. இருபது காசுக்குப் பிறந்த ஒரு முகம் ஐம்பது வருடம் கழித்து எப்படி யாருக்கும் கட்டுப்படியாகாத சரக்கானது? இதைப் புரிந்துகொள்ள அந்த முகம் எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும்.

அதை யாரும் வடிவமைக்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். போர் முடிந்து வொல்ஃப்ஸ்பர்க் ஆலை பிரிட்டிஷ் ராணுவத்தின் கையில் இருந்த காலம். பொறுப்பில் இருந்தவர் ஐவன் ஹர்ஸ்ட் என்ற மேஜர். ஆலைக்குள் சாமான் நகர்த்த ராணுவம் கொடுத்திருந்த தூக்கு வண்டிகளைத் திரும்ப எடுத்துக்கொண்டுவிட்டது. பீட்டில் காரின் உதிரிகளை வைத்து ஒரு தட்டு வண்டியைத் தட்டிக்கொட்டினார்கள். முன்னால் வெறும் பலகைத் தளம். பின்னால் எஞ்சினுக்கு மேல் ஓட்டுநர் குந்தியிருப்பார். ஆலைக்கு வந்திருந்த டச்சுக் கார் வியாபாரி பென் போன் இதைப் பார்த்தார். 1947 ஏப்ரல் 23 என்று தேதியிட்ட நோட்டுப் புத்தகப் பக்கம் ஒன்றில் அவர் கிறுக்கியது இன்று ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ்மியூசியம் பாதுகாக்கும் பொருளாகிவிட்டது. ரொட்டியைப் போல ஒரு பெட்டி. முன் கோடியில் ஓட்டுநர், பின் கோடியில் எஞ்சின், நடுவில் 750 கிலோ பாரம். ரெம்பிராண்ட் தொங்கும் மியூசியத்தில் சரக்கு வேனின் கிறுக்கலா என்று முகம் சுளிக்க வேண்டாம். நான் பார்த்த சிக்கனமான படங்களில் அது ஒன்று. அதில் ஒரு கோடுகூட அழகுக்காக இல்லை.

அந்தப் படத்தைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். எஞ்சின் ஏற்கெனவே பின்னால்தான் இருக்கிறது, பீட்டிலில் அப்படித்தான் வருகிறது. அதை மாற்றப் பணம் இல்லை. முன்னால் எஞ்சின் இல்லையென்றால் மூக்கு வேண்டாம். மூக்கு வேண்டாமென்றால் ஓட்டுநரை முன் சக்கரத்தின் மேலேயே உட்கார வைத்துவிடலாம். பின்னால் எஞ்சினின் எடை, முன்னால் மனிதர்களின் எடை, நடுவே சரக்கு. ஏற்றினாலும் இறக்கினாலும் இரண்டு அச்சுகளும் ஏறக்குறைய சமமாகவே சுமக்கும். 1949 நவம்பரில் பத்திரிகைக்காரர்களுக்கு வண்டியைக் காட்டியபோது ஆலைத் தலைவர் ஹைன்ஸ் நோர்ட்ஹோஃப் பெருமைப்பட்டதும் இந்தச் சமநிலையைப் பற்றித்தான். முகத்தைப் பற்றி அவர் பேசியதாகத் தெரியவில்லை. முகம் என்பது, உள்ளே கிடைத்த காலியிடத்தின் வெளிப்புறம். இடம் வேண்டும் என்றார்கள். முகம் கூடவே வந்து சேர்ந்தது.

வளைவுகளுக்கும் இதே கதைதான். முதல் மாதிரியின் முன்பக்கம் செங்கல் மாதிரி இருந்தது. ப்ரவுன்ஷ்வைக் தொழில்நுட்பக் கல்லூரியின் காற்றுச் சுரங்கத்தில் சின்ன உருவத்தை வைத்துப் பார்த்தபோது காற்றின் இழுவைக் கெழு 0.75. முனைகளை உருட்டிக் கண்ணாடியை நடுவில் மடித்ததும் 0.44. வெறும் 25 குதிரைத்திறன் கொண்ட எஞ்சின் காற்றோடு மல்லுக்கட்ட முடியாது, அதனால் முகம் உருண்டது. பிற்காலத்தில் ஸ்டிக்கரிலும் பனியனிலும் பீங்கான் கோப்பையிலும் அச்சாகிய அந்தச் சாந்தமான நெற்றி, பலவீனமான எஞ்சினுக்குக் கொடுத்த கைத்தாங்கல்.

1950 மார்ச்சில் உற்பத்தி தொடங்கியது. 1956-ல் ஹானோவரில் தனி ஆலை. வேன் பிறந்த அந்த நாட்களில் ஹாம்பர்க்கில் விடால் என்ற குடும்பத்தார் மெட்டடோர் என்றொரு வேன் செய்துகொண்டிருந்தார்கள், அதற்கும் இதே 25 குதிரைத்திறன் ஃபோக்ஸ்வேகன் எஞ்சின்தான். சொந்த வேன் வந்ததும் ஃபோக்ஸ்வேகன் அவர்களுக்கு எஞ்சின் தருவதை நிறுத்திக்கொண்டது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், அந்த விடால் கம்பெனி தன் வண்டிகளுக்கு வைத்த பொதுப் பெயர் டெம்போ. பிறகு அவர்களோடு ஒப்பந்தம் போட்டுத்தான் இந்தியாவில் பஜாஜ் டெம்போ பிறந்தது. வாழைத்தார் ஏற்றும் டெம்போவும், பெண் பார்க்க ஒரு வீட்டு ஆட்களை அடைத்துக்கொண்டு போன மெட்டடோர் வேனும் அந்த வழியில் வந்த பெயர்கள். ஆனால் நம் மெட்டடோரைப் பற்றி யாரும் உருகி நான் பார்த்ததில்லை. வாடகை, டீசல், பஞ்சர் என்றுதான் அதைப் பேசுவோம். உழைக்கும் வண்டியைப் பற்றி உருகிப் பேச, அது உழைப்பதை நிறுத்தியிருக்க வேண்டும் போலிருக்கிறது.

அமெரிக்காவுக்குப் போனது எப்படி ஹிப்பி வண்டியாயிற்று? இதற்குள் ஒரு கோழிக் கதை இருக்கிறது. அறுபதுகளின் தொடக்கத்தில் மலிவான அமெரிக்கக் கோழி ஐரோப்பாவுக்குள் புகுந்தது. ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம் அதற்கு வரியை ஏற்றியது. பதிலடியாக அமெரிக்க அதிபர் லிண்டன் ஜான்சன் 1963 டிசம்பரில் ஓர் ஆணையில் கையெழுத்திட்டார். உருளைக்கிழங்கு மாவுப்பொருள், டெக்ஸ்ட்ரின், பிராந்தி, இலகு ரக லாரிகள் ஆகிய நான்குக்கும் 25 சதவீத வரி. மற்ற மூன்றும் பிறகு விலக்கப்பட்டன. லாரி வரி மட்டும் அறுபது ஆண்டு தாண்டியும் நிற்கிறது. கோழி வரி என்றே அதற்குப் பெயர். குறி வைத்தது ஃபோக்ஸ்வேகனை. ஜன்னலில்லாத சரக்கு வேனும் பின்னால் தட்டு வைத்த பிக்கப்பும் அடிபட்டன. ஜன்னலும் இருக்கையும் வைத்த வேன், கார் கணக்கில் தப்பித்தது. அமெரிக்கர்களின் நினைவில் அந்த வேன் எப்போதும் நிறைய ஜன்னல்களோடு வருவதற்கு இந்த வரியும் ஒரு காரணம் என்பது என் ஊகம். ரொட்டிக்காரனின் வண்டி வாசலிலேயே தடுக்கப்பட்டது. குடும்பத்தின் வண்டி உள்ளே போனது. அது பழசானதும் மலிவு விலைக்கு இளைஞர்கள் கைக்கு வந்தது.

மலிவு என்ற சொல்லை அடிக்கோடிட வேண்டும். எதிர்க்கலாச்சாரம், சுதந்திரம், காதல் என்று பிற்பாடு அந்த வேன்மேல் ஏற்றப்பட்ட எல்லாவற்றுக்கும் அடியில் கிடப்பது மூன்றாம் கை விலை. எஞ்சின் பழுதானால் சாலையோரத்தில் இறக்கி வைத்துத் தாங்களே பிரிக்கலாம். ரேடியேட்டர் கிடையாது, காற்றே குளிர்விக்கும். ஏற்றத்தில் மாட்டு வண்டி வேகம். உள்ளே பாயைப் போட்டால் வீடு. இஸ்தான்புல், காபூல் வழியாக காட்மாண்டுவுக்கும் கோவாவுக்கும் அதில் வந்து சேர்ந்தவர்கள் அதைத் தேர்ந்தெடுத்ததாக எனக்குத் தோன்றவில்லை. அவர்கள் கையிலிருந்த காசு தேர்ந்தெடுத்தது.

எனக்குப் பிடித்த வேன் ஹிப்பிகளுடையது அல்ல. தென் கரோலினாவின் ஜான்ஸ் தீவில் ஈஸா ஜென்கின்ஸ் என்ற கறுப்பினத் தலைவர் இருந்தார். தீவு மக்களைப் பஸ்ஸில் சார்ல்ஸ்டன் நகருக்கு வேலைக்குக் கூட்டிப்போகும்போதே, வாக்காளராகப் பதிய எழுத வேண்டிய தேர்வுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவர். பின்னாளில் அவரிடம் ஒரு ஃபோக்ஸ்வேகன் வேன் இருந்தது. பின் கதவில் ஒரு வாசகம் எழுதி வைத்திருந்தார்: அன்புதான் முன்னேற்றம், வெறுப்புக்குச் செலவு அதிகம் என்று பொருள்படும். வேன் துருப்பிடித்துவிட்டது. அந்தக் கதவு இப்போது வாஷிங்டனின் ஸ்மித்சோனியனில் இருக்கிறது. காலியான பெட்டியை ஒரு மனிதர் எதனால் நிரப்பினார் என்பதற்கு அந்தத் தகரம் சாட்சி.

இனி 2001-ன் மைக்ரோபஸ்ஸுக்குள் எட்டிப் பார்க்கலாம். ஆறு சிலிண்டர் எஞ்சின், இருநூறுக்கு மேல் குதிரைத்திறன், 20 அங்குலச் சக்கரங்கள், சுழலும் நாற்காலிகள், திரைகள். உட்காருபவர் செய்ய வேண்டியது எதுவும் மிச்சமில்லை. எல்லாவற்றையும் முன்கூட்டியே நிரப்பிவிட்டார்கள். அடித்தளம் அக்காலத்து ட்ரான்ஸ்போர்ட்டர் வேனுடையது. அதில் எஞ்சின் முன்னால். 1990-ல் நான்காம் தலைமுறையிலேயே எஞ்சின் முன்னுக்கு வந்து, வண்டிக்கு மூக்கும் முளைத்துவிட்டது. முன்னால் எஞ்சின் உள்ள வண்டிக்குத் தட்டை முகம் மாட்ட வேண்டுமென்றால் மூக்கை மறைக்க வேண்டும். மோதல் விதிகளும் இருக்கின்றன. பழைய வேனில் எதிலாவது மோதினால் முதலில் போய்ச் சேருவது ஓட்டுநரின் முழங்கால். இன்றைய சட்டம் அதற்கு இடம் கொடுக்காது. ஆக, 1950-ல் ஓசியில் வந்த முகம் 2004-ல் தனியாகக் காசு கொடுத்துச் செய்ய வேண்டிய பாகமானது.

காரைக்குடிப் பக்கம் இடிக்கப்பட்ட வீடுகளின் தேக்குத் தூண்கள் சென்னை உணவகங்களில் கான்கிரீட் உத்திரத்துக்குக் கீழே நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். பாலிஷ் பளபளக்கும். மேலே தொட்டும் தொடாமலும் ஒரு விரற்கடை இடைவெளி. ரெட்ரோ என்ற சொல்லுக்கு எனக்குத் தெரிந்த சரியான விளக்கம் அந்த இடைவெளிதான்.

ரெட்ரோ எல்லாமே தோற்றுவிடும் என்று சொல்லவில்லை. இதே சிமி வேலிக் கூடத்தில் பிறந்து 1994-ல் டெட்ராய்டில் காட்டப்பட்ட மாதிரிதான் 1998-ல் நியூ பீட்டிலாகச் சந்தைக்கு வந்தது. அதிலும் எஞ்சின் முன்னால்தான், அதுவும் வேஷம்தான். உள்ளே ஃபோக்ஸ்வேகனின் கோல்ஃப் கார். ஆனால் கோல்ஃப் லட்சக்கணக்கில் விற்கும் வண்டி, அதன் செலவில் பீட்டில் சவாரி செய்தது. அதைச் செய்தது மெக்சிகோவின் புவெப்லாவில். மைக்ரோபஸ்ஸுக்கு அந்த வசதி இல்லை. ஹானோவரில் கூலி யூரோவில். அமெரிக்காவில் விலை டாலரில். 2001-ல் ஒரு யூரோவுக்கு ஒரு டாலர்கூடத் தர வேண்டியதில்லை. 2004-ல் ஒன்றேகால் டாலர். வண்டியில் ஒரு ஆணிகூட மாறாமலே அதன் செலவு அமெரிக்கக் கணக்கில் மூன்றில் ஒரு பங்கு ஏறியிருக்கும். அமெரிக்காவில் ஃபோக்ஸ்வேகன் விற்பனையும் சரிந்துகொண்டிருந்த நேரம் அது. கணக்குப்பிள்ளையாக நான் இருந்தாலும் இதைக் கிழித்துத்தான் போட்டிருப்பேன்.

ஆனால் கணக்குப்பிள்ளைகள் எப்போதும் கறாராக இருப்பதில்லை. அதே ஆண்டுகளில்தான் கம்பெனித் தலைவர் ஃபெர்டினாண்ட் பியெக்கின் பிடிவாதத்தில் ஃபேட்டன் என்ற ஆடம்பரக் கார் வந்தது. டிரெஸ்டன் நகரில் கண்ணாடிச் சுவர் வைத்த ஆலை, மேப்பிள் மரத் தரை. மக்களின் கார் என்று பெயர் வைத்துக்கொண்ட கம்பெனி கோடீஸ்வரர்களுக்குக் கார் செய்தது, கோடீஸ்வரர்கள் சீந்தவில்லை. சில ஆண்டுகளில் அமெரிக்கச் சந்தையிலிருந்து அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். பியெக்குக்குப் பின் 2002-ல் தலைமைக்கு வந்த பெர்ன்ட் பிஷெட்ஸ்ரீடர் காலத்தில்தான் மைக்ரோபஸ் கைவிடப்பட்டது. பிறகு, அமெரிக்காவில் விற்க வேன் ஒன்றும் இல்லையே என்று, 2008-ல் கனடாவில் க்ரைஸ்லர் செய்யும் வேனை வாங்கிக் கொஞ்சம் மாற்றித் தன் சின்னத்தை வைத்து ரவுட்டன் என்று விற்றார்கள். வேன் என்ற ஒன்றை அமெரிக்கக் குடும்பங்களுக்கு அறிமுகம் செய்த கம்பெனிக்கு இந்தக் கதி. ரவுட்டனுக்கு முகமே இல்லை என்பதுதான் ஒரே ஆறுதல். பழைய முகத்தை அதில் ஒட்டாமல் விட்டார்கள்.

இதெல்லாம் பலர் எழுதிய கதை. என்னைத் தொந்தரவு செய்யும் பகுதி வேறு கண்டத்தில் இருக்கிறது. ஹானோவரில் நகலை ரத்துசெய்த அந்த 2004-ஆம் ஆண்டிலும், அதே ஃபோக்ஸ்வேகன் கம்பெனி பிரேசிலில் சாவோ பெர்னார்டோ டோ கம்போ ஆலையில் அசலையே செய்துகொண்டிருந்தது! 1957-லிருந்து இடைவிடாமல். அங்கே அதன் பெயர் கோம்பி. தட்டை முகம், பின்னால் எஞ்சின், நடுவில் காலியிடம், எல்லாம் பழையபடி. கண்காட்சி மேடையில் கண்ணீர் விடவைத்த உருவத்தின் உடன்பிறப்பு சந்தையில் காய்கறி இறக்கிக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றியது, தபால் கொண்டுபோனது, பின் கதவைத் தூக்கிவைத்துப் பலகாரக் கடையானது. அங்கே அது ரெட்ரோ ஆகவில்லை. அது புது வண்டி. ஷோரூமில் கிடைத்த மலிவான வண்டி.

அமெரிக்காவிலோ ஐரோப்பாவிலோ அதைச் சட்டப்படி விற்க முடியாது என்பது சரிதான். புகை விதி, பாதுகாப்பு விதி எதிலும் தேறாது. 2005 கடைசியில் பிரேசிலின் புகை விதிக்கே தேறாமல் போய், காற்றால் குளிரும் எஞ்சினை எடுத்துவிட்டு நீரால் குளிர்வதை வைத்தார்கள். ரேடியேட்டர் வைக்க முன்னால் இடமில்லை. வேறு வழியில்லாமல் முகத்தின் மேலேயே ஒரு கறுப்புப் பெட்டியைத் துருத்திக்கொண்டு நிற்கும்படி பொருத்தினார்கள். புனிதமான அந்த முகத்தில் எந்தக் கூச்சமும் இல்லாமல் செய்த இந்த அவலட்சணத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மரியாதை வருகிறது. வொல்ஃப்ஸ்பர்க்கில் தட்டு வண்டியைத் தட்டிக்கொட்டிய அதே புத்தி. 2014-லிருந்து எல்லாப் புது வண்டிகளுக்கும் காற்றுப்பையும் ஏபிஎஸ் பிரேக்கும் கட்டாயம் என்றானதும், 2013 டிசம்பரில் கோம்பி நின்றது. கடைசியாக ஒரு சிறப்புப் பதிப்பு வெளியிட்டார்கள்: இரட்டை நிறம், வெள்ளை வளையம் போட்ட டயர், ஜன்னலுக்குத் திரைச்சீலை. சாகும் தறுவாயில்தான் கோம்பிக்கு ரெட்ரோ வேஷம் கட்டினார்கள்.

ஹானோவர் தன் ஆசையை விடவில்லை. 2011-ல் ஜெனீவாவில் ஒன்று, 2016-ல் லாஸ் வேகாஸில் ஒன்று என்று மாதிரிகளைக் காட்டிக்கொண்டே இருந்தது. 2017-ல் காட்டிய ஐ.டி. பஸ் என்ற மின்சார வேன் மட்டும் பிழைத்து 2022-ல் ஆலையை விட்டு வெளியே வந்தது. இதில் ஒரு நியாயம் இருந்தது என்பதை நான் ஒப்புக்கொள்ள வேண்டும். மின்மோட்டார் சின்னது, பின் அச்சில் உட்காரும். பேட்டரி தரைக்கடியில் போய்விடும். எழுபது வருடம் கழித்துப் பென் போனின் கிறுக்கலுக்கு அருகில் மறுபடி வந்துவிட்டார்கள். முன் கோடியில் மனிதன், பின் கோடியில் இயந்திரம், நடுவில் இடம். தூண் திரும்பவும் உத்திரத்தைத் தொட்டது என்று நினைத்தேன்.

விலையைப் பார்க்கும் வரை. அமெரிக்காவில் 2024 கடைசியில் விற்பனைக்கு வந்தபோது தொடக்க விலையே ஏறக்குறைய 60,000 டாலர். ஒரு முறை மின்னேற்றினால் 234 மைல். பழைய வண்டியின் எடை சுமார் ஒரு டன். இது இரண்டரை டன்னைத் தாண்டும். 2025 ஏப்ரலில் வெளிநாட்டுக் கார்களுக்கு அமெரிக்கா 25 சதவீத வரி போட்டது. ஜான்சன் போட்ட அதே எண். இம்முறை ஜன்னல் வைத்த வேனும் தப்பவில்லை. பிறகு ஐரோப்பிய வண்டிகளுக்கு அது 15 ஆகக் குறைந்தது. செப்டம்பரோடு மின்சார வண்டிகளுக்கான வரிச் சலுகையும் முடிந்தது. 2026-ஆம் ஆண்டு மாடலை அமெரிக்காவுக்குக் கொண்டுவரப் போவதில்லை என்று கம்பெனி சொல்லிவிட்டது. நிரந்தர ரத்து இல்லை, இடைநிறுத்தம்தான் என்பது அவர்கள் தரப்பு.

அதற்கு முன்பே, 2025-ல், ஐயாயிரத்துச் சொச்சம் வேன்களை அமெரிக்காவில் திரும்ப அழைக்க வேண்டி வந்தது. பிரேக்கிலோ பேட்டரியிலோ கோளாறு இல்லை. மூன்றாம் வரிசை இருக்கை இரண்டு பேருக்கானது; இரண்டு பெல்ட்டுகள்தான் இருக்கின்றன. ஆனால் இருக்கை அகலமாக இருந்துவிட்டது. விதிப்படி அளந்தால் மூன்று பேர் உட்காரலாம், மூன்றாமவருக்குப் பெல்ட் இல்லை. பாயை விரித்தவர்கள் எத்தனை பேர் என்று எண்ணாமல் ஓட்டிய வண்டியின் வாரிசு இது. தீர்வு எளிதாக இருந்தது. வண்டியை டீலரிடம் கொண்டுவரச் சொல்லி, அந்த இருக்கையில் மெத்தையில்லாத துண்டுகளைப் பொருத்தி, உட்காரும் இடத்தைக் குறைத்துக் கொடுத்தார்கள்.